கப் கணக்கிலிருந்து கிராம் கணக்குக்கு: கேக், ரொட்டி செய்முறைகளின் அளவுகளை எடைக்கு மாற்றுவது எப்படி?

"ஒன்றரைக் கப் மைதா, ஒரு கப் சர்க்கரை, அரைக் கப் வெண்ணெய்" என்றுதான் பெரும்பாலான கேக் செய்முறைகள் தொடங்குகின்றன. அதே செய்முறையை இரண்டு வீடுகளில் பின்பற்றினால், ஒரு வீட்டில் கேக் பஞ்சுபோல் எழும்புகிறது; மற்றொரு வீட்டில் மேற்புறம் வெடித்து, உலர்ந்து, கனத்துப்போகிறது. ஓவனின் மீதும் மாவின் மீதும் பழி விழுகிறது. ஆனால் பல நேரங்களில் தவறு நேர்வது அவற்றுக்கு முன்பே, கப்பில் மாவை அள்ளும் அந்த ஒரு நொடியில்தான்.

ஒரே கப்பில் ஒருவர் 120 கிராம் மைதாவையும் மற்றொருவர் 150 கிராம் மைதாவையும் அளந்துவிட முடியும். இருவரும் எழுதி வைப்பது "ஒரு கப்" என்பதே. எனவே கப் அளவுகளைக் கிராமுக்கு மாற்றி வைத்துக்கொள்வது, கேக், பிஸ்கட், ரொட்டி செய்வோருக்கு மிகுந்த பயன் தரும். அந்த மாற்றத்தை எப்படிச் செய்வது, எங்கே கவனம் தேவை, எந்த எண்களை நம்பலாம் என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

கன அளவு வேறு, எடை வேறு

கப், கரண்டி, மில்லி லிட்டர் ஆகியவை ஒரு பொருள் அடைத்துக்கொள்ளும் இடத்தை அளப்பவை. கிராமும் கிலோகிராமும் பொருளின் எடையைக் குறிப்பவை. படியால் அளந்து பழகிய தமிழர்களுக்கு இந்த வேறுபாடு புதிதன்று. ஒரு படி அரிசியும் ஒரு படி பொரியும் ஒரே இடத்தை நிரப்பினாலும் ஒரே எடை இருப்பதில்லை. படியைத் தலைதட்டி அளப்பதற்கும் கோபுரமாகக் குவித்து அளப்பதற்கும் இடையே உள்ள வேறுபாட்டையும் எல்லோரும் அறிவர்.

தண்ணீர், பால், எண்ணெய் போன்ற திரவங்களில் இச்சிக்கல் குறைவு. அவை பாத்திரத்தை இடைவெளியின்றி நிரப்பிவிடும். ஆனால் மாவு, சர்க்கரை, ரவை, கோகோ போன்றவற்றில் துகள்களுக்கு இடையே காற்று இருக்கிறது. எவ்வளவு காற்று இருக்கிறது என்பது பொருளுக்குப் பொருள், அள்ளும் முறைக்கு முறை மாறும். ஆகவே "ஒரு கப் என்றால் இத்தனை கிராம்" என்ற ஒரே எண் எல்லாப் பொருள்களுக்கும் பொருந்தாது. ஒரு கப் தேன் சுமார் 340 கிராம். ஒரு கப் கோகோத் தூள் சுமார் 85 கிராம். ஒரே கப்பில் நான்கு மடங்கு வேறுபாடு.

குழம்பிலோ கூட்டிலோ ஒரு கைப்பிடி கூடினால் சுவைத்துப் பார்த்துச் சரிசெய்யலாம். கேக் கலவை ஓவனுக்குள் சென்றபின் அந்த வாய்ப்பு இல்லை. மாவு, ஈரம், கொழுப்பு, சர்க்கரை ஆகியவற்றின் விகிதமே அதன் மென்மையைத் தீர்மானிக்கிறது. மாவு கூடினால் ஈரம் போதாமல் கேக் வறண்டுவிடும். குறைந்தால் எழும்பிய கேக் தன்னைத் தாங்கிக்கொள்ள முடியாமல் நடுவில் அமிழ்ந்துவிடும்.

கப் முறை எங்கிருந்து வந்தது?

கப், கரண்டி அளவுகள் இன்றும் பெருமளவில் புழங்கும் நாடு அமெரிக்கா. 1896ஆம் ஆண்டில் ஃபேனி ஃபார்மர் எழுதி வெளியான 'பாஸ்டன் குக்கிங் ஸ்கூல் குக் புக்' என்ற நூல், கப்பையும் கரண்டியையும் தலைதட்டி அளக்க வேண்டும் என்பதை வலியுறுத்தி, அந்த முறையை அந்நாட்டு வீடுகளில் பரவச் செய்தது. தராசு இல்லாத வீட்டிலும் சமைக்க முடியும் என்பது அம்முறையின் பெரும் வசதி.

ஐரோப்பிய நாடுகளில் எடைக் கணக்கே வழக்கம். மாவு, சர்க்கரை, வெண்ணெய், முட்டை ஆகிய நான்கையும் தலா ஒரு பவுண்டு சேர்ப்பதால்தான் 'பவுண்ட் கேக்' அப்பெயர் பெற்றது. நான்கும் சம எடை என்பதே அதன் முழுச் செய்முறை. அதையே நான்கும் தலா ஒரு கப் என்று மாற்றினால் வேறொரு பண்டமே கிடைக்கும்.

இந்தியாவில் 1956ஆம் ஆண்டின் எடைகள், அளவுகள் தரநிலைச் சட்டத்தைத் தொடர்ந்து சேர், தோலா போன்ற பழைய அளவைகளின் இடத்தில் மெட்ரிக் முறை படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. இன்று நாம் கடையில் வாங்கும் மைதா, சர்க்கரை, வெண்ணெய் அனைத்தும் கிராம் கணக்கில்தான் வருகின்றன. கிராமில் வாங்கிய பொருளைக் கப்பால் அளப்பது இறக்குமதியான செய்முறைகளோடு வந்த பழக்கம்.

எந்த நாட்டுக் கப்?

மாற்றத்தைத் தொடங்குமுன், செய்முறை எந்த நாட்டைச் சேர்ந்தது என்பதைப் பார்க்க வேண்டும். எல்லாக் கப்புகளும் ஒன்றல்ல.

- அமெரிக்கக் கப்: சுமார் 237 மில்லி
- அமெரிக்காவில் உணவுப் பொட்டலங்களின் ஊட்டச்சத்து விவரத்துக்குப் பயன்படும் கப்: 240 மில்லி
- ஆஸ்திரேலியா உள்ளிட்ட நாடுகளில் வழங்கும் மெட்ரிக் கப்: 250 மில்லி
- ஜப்பானியச் சமையல் கப்: 200 மில்லி
- பழைய பிரிட்டிஷ் கப்: சுமார் 284 மில்லி

இந்தியக் கடைகளில் விற்கப்படும் அளவுக் கப்புகளில் 240 மில்லி, 250 மில்லி ஆகிய இரு வகைகளும் கிடைக்கின்றன. கையில் உள்ள கப் எது என்று அறிய ஓர் எளிய வழி உண்டு. காலிக் கப்பை எடைக் கருவியில் வைத்து, எண்ணைப் பூஜ்யமாக்கி, விளிம்பு வரை தண்ணீர் ஊற்ற வேண்டும். ஒரு மில்லி தண்ணீர் ஏறத்தாழ ஒரு கிராம் என்பதால், கருவி காட்டும் கிராமே அந்தக் கப்பின் மில்லி அளவு.

அமெரிக்கக் கப்புக்கும் 250 மில்லி கப்புக்கும் இடையே உள்ள வேறுபாடு ஏறத்தாழ 6 விழுக்காடு. எல்லாப் பொருள்களையும் ஒரே கப்பால் அளந்தால் அவற்றுக்கிடையிலான விகிதம் மாறாது என்பதால் இது பெரும் கேடு விளைவிக்காது. ஆனால் முட்டை எண்ணிக்கையில் வருகிறது. பேக்கிங் பவுடர் கரண்டியில் வருகிறது. வெண்ணெய் பலமுறை கிராமில் வருகிறது. கப்பால் அளப்பவை மட்டும் கூடி, மற்றவை அப்படியே நிற்கும்போதுதான் விகிதம் பிசகுகிறது.

தேநீர்க் கோப்பையையோ டம்ளரையோ கப்பாகக் கொள்வது கேக் செய்முறைக்குப் பொருந்தாது. அவற்றுக்கு நிர்ணயிக்கப்பட்ட கொள்ளளவு எதுவும் இல்லை.

அவுன்ஸ் என்னும் பொறி

அமெரிக்கச் செய்முறைகளை மாற்றும்போது அதிகம் நேரும் தவறு அவுன்ஸில்தான். அந்நாட்டில் அவுன்ஸ் என்ற ஒரே பெயர் இரண்டு அளவுகளுக்கு வழங்குகிறது. திரவ அவுன்ஸ் என்பது கன அளவு. ஒரு திரவ அவுன்ஸ் சுமார் 29.6 மில்லி. எடை அவுன்ஸ் என்பது எடை. ஓர் அவுன்ஸ் சுமார் 28.35 கிராம்.

ஒரு கப் என்பது 8 திரவ அவுன்ஸ். இதைக் கொண்டு "ஒரு கப் மைதா 8 அவுன்ஸ், அதாவது 227 கிராம்" என்று கணக்கிட்டால், தேவையானதைவிட ஏறத்தாழ இரு மடங்கு மாவு கலவையில் சேர்ந்துவிடும். உண்மையில் ஒரு கப் மைதா எடையில் நாலேகால் அவுன்ஸ் மட்டுமே. வெண்ணெய், தண்ணீர் ஆகியவற்றில் இந்தக் கணக்கு தற்செயலாக ஏறத்தாழச் சரியாக அமைந்துவிடுவதால், தவறு கண்ணில் படாமலே போகிறது. "ஒரு கப் 250 மில்லி, ஆகவே 250 கிராம்" என்று கொள்வதும் இதே பிழைதான்.

மாவு: ஒரே கப், மூன்று எடைகள்

மாற்றத்தில் மிகுந்த கவனம் கோருவது மைதா. அமெரிக்கக் கப் ஒன்றில் மைதாவின் எடை, அதை நிரப்பும் முறையைப் பொறுத்து ஏறத்தாழ இப்படி மாறும்:

- சலித்த மாவைக் கப்பில் தூவி நிரப்பி, தலைதட்டினால்: சுமார் 115 கிராம்
- மாவைக் கிளறிவிட்டு, கரண்டியால் கப்பில் இட்டு, தலைதட்டினால்: 120 முதல் 125 கிராம்
- கப்பையே மாவு டப்பாவுக்குள் அமுக்கி அள்ளினால்: 140 முதல் 150 கிராம்

தற்காலச் செய்முறைகளில் பெரும்பாலானவை இரண்டாவது முறையையே கருத்தில் கொண்டவை. எனவே செய்முறையில் வேறு குறிப்பு இல்லாவிட்டால் ஒரு கப் மைதாவுக்கு 120 கிராம் என்று கொள்ளலாம். செய்முறையை எழுதியவர் ஒரு கப்புக்கு இத்தனை கிராம் என்று எங்கேனும் குறிப்பிட்டிருந்தால், அந்த எண்ணையே பின்பற்ற வேண்டும். அவர் அள்ளிய விதத்தை அவருடைய எண்ணே கூறும்.

சொற்களின் வரிசையையும் கவனிக்க வேண்டும். "ஒரு கப் சலித்த மைதா" என்றால் முதலில் சலித்து, பிறகு அளக்க வேண்டும். "ஒரு கப் மைதா, சலித்தது" என்றால் முதலில் அளந்து, பிறகு சலிக்க வேண்டும். முன்னது 115 கிராம். பின்னது 120 கிராமுக்குக் குறையாது. எடையால் அளப்போருக்கு இந்தக் குழப்பமே இல்லை. சலிப்பதற்கு முன்பும் பின்பும் 120 கிராம் மாவு 120 கிராம்தான்.

பொருள்வாரியாக எடைகள்

கீழே உள்ளவை 237 மில்லி கொண்ட அமெரிக்கக் கப் ஒன்றுக்கான தோராய எடைகள். பொருளின் அரைப்பு, ஈரம், நிறுவனம் ஆகியவற்றைப் பொறுத்துச் சில கிராம்கள் மாறக்கூடும்.

மாவு, தானிய வகைகள்:
- மைதா: 120 முதல் 125 கிராம்
- முழுக் கோதுமை மாவு: 115 முதல் 120 கிராம்
- ரவை: சுமார் 165 கிராம்
- ஓட்ஸ்: 80 முதல் 90 கிராம்
- கோகோத் தூள்: சுமார் 85 கிராம்

இனிப்புகள்:
- சர்க்கரை: 200 கிராம்
- பொடித்த சர்க்கரை: 115 முதல் 120 கிராம்
- அமுக்கி நிரப்பிய பழுப்புச் சர்க்கரை: சுமார் 215 கிராம்
- தேன்: சுமார் 340 கிராம்
- கண்டென்ஸ்டு மில்க்: சுமார் 305 கிராம்

கொழுப்பும் திரவங்களும்:
- வெண்ணெய்: 227 கிராம்
- சமையல் எண்ணெய், உருக்கிய நெய்: சுமார் 215 கிராம்
- தண்ணீர்: 237 கிராம்
- பால், தயிர்: சுமார் 245 கிராம்

பிற:
- சாக்லேட் சிப்ஸ்: சுமார் 170 கிராம்
- உலர்திராட்சை: சுமார் 145 கிராம்
- நறுக்கிய அக்ரூட்: 115 முதல் 120 கிராம்

இதில் சர்க்கரையையும் பொடித்த சர்க்கரையையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஒரு கப் சர்க்கரை கேட்கும் இடத்தில் ஒரு கப் பொடித்த சர்க்கரையை இட்டால் இனிப்பில் 80 கிராம் குறைந்துவிடும். சர்க்கரையை வீட்டில் மிக்ஸியில் பொடிப்போர் முதலில் 200 கிராம் சர்க்கரையை எடைபோட்டு, அதன்பின் பொடித்தால் இப்பிழை நேராது.

250 மில்லி கப்பைக் கொண்ட செய்முறையாக இருந்தால், மேற்கண்ட எடைகளை 1.06ஆல் பெருக்க வேண்டும். 200 மில்லி கப்பாக இருந்தால் 0.85ஆல் பெருக்க வேண்டும். பட்டியலில் இல்லாத கடலை மாவு, அரிசி மாவு, ராகி மாவு, பால் பவுடர், வெல்லத்தூள் போன்றவற்றுக்கு அவரவரே எடை கண்டுகொள்வது நல்லது. பொருளை வழக்கமான முறையில் மூன்று முறை கப்பில் நிரப்பி, ஒவ்வொரு முறையும் எடைபோட்டு, சராசரியை எழுதி வைத்துக்கொள்ளலாம். அந்த எண் அவரவர் சமையலறைக்கே உரியது.

அமெரிக்கச் செய்முறைகளில் "ஒரு ஸ்டிக் வெண்ணெய்" என்று வருவது அரைக் கப், அதாவது 113 கிராம். நம் கடைகளில் கிடைக்கும் 100 கிராம் பொட்டலம் ஒன்றை அதற்கு ஈடாக இட்டால் 13 கிராம் குறையும். இங்கு விற்கப்படும் வெண்ணெயில் பெரும்பாலானவை உப்பிட்டவை என்பதால், அவற்றைப் பயன்படுத்தும்போது செய்முறையில் கூறிய உப்பைத் தவிர்க்கலாம்.

கரண்டி அளவுகள்

ஒரு தேக்கரண்டி 5 மில்லி. ஒரு மேசைக்கரண்டி 15 மில்லி. மூன்று தேக்கரண்டி ஒரு மேசைக்கரண்டி; பதினாறு மேசைக்கரண்டி ஓர் அமெரிக்கக் கப். ஆஸ்திரேலிய மேசைக்கரண்டி மட்டும் 20 மில்லி. அந்நாட்டுச் செய்முறையை 15 மில்லி கரண்டியால் அளந்தால் நான்கில் ஒரு பங்கு குறையும். பேக்கிங் பவுடரில் இந்தக் குறைவு கேக்கின் உயரத்தில் தெரிந்துவிடும்.

ஒரு தேக்கரண்டியின் தோராய எடைகள்:
- பேக்கிங் பவுடர்: 4 முதல் 4.5 கிராம்
- சமையல் சோடா: சுமார் 5 கிராம்
- தூள் உப்பு: 6 கிராம்
- உடனடி ஈஸ்ட்: சுமார் 3 கிராம்

இத்தகைய சிறு அளவுகளுக்கு எடையைவிடக் கரண்டியே ஏற்றது. வீட்டு எடைக் கருவிகளில் பெரும்பாலானவை ஒரு கிராம் நுணுக்கம் கொண்டவை. கால் தேக்கரண்டி சோடாவின் எடை ஒரு கிராமுக்குச் சற்று மேல். அதில் அரைக் கிராம் பிசகினாலும் பிழை மூன்றில் ஒரு பங்கைத் தாண்டும்; கேக்கில் சோப்பு நெடி வீச அது போதும். 0.1 கிராம் வரை காட்டும் சிறு கருவி இருந்தாலன்றி, 5 கிராமுக்குக் குறைவானவற்றைத் தலைதட்டிய கரண்டியால் அளப்பதே நல்லது.

முட்டைக்கும் எடை உண்டு

அமெரிக்கச் செய்முறையில் "பெரிய முட்டை" என்பது ஓட்டுடன் சுமார் 57 கிராமும், ஓடு நீக்கினால் சுமார் 50 கிராமும் உடையது. நம் கடைகளில் ஓட்டுடன் 50 கிராம் அளவில் கிடைக்கும் முட்டை, ஓடு நீங்கியபின் ஏறத்தாழ 44 கிராமே இருக்கும். இரண்டு முட்டை கேட்கும் கேக்கில் வேறுபாடு சிறிது. ஆறு முட்டை கேட்கும் ஸ்பாஞ்ச் கேக்கில் 36 கிராம் குறைந்துவிடும். அதாவது ஏறத்தாழ ஒரு முட்டையே விடுபட்டுப் போகும். முட்டைகளை உடைத்து, கலக்கி, முட்டை ஒன்றுக்கு 50 கிராம் வீதம் எடைபோட்டுச் சேர்த்தால் இக்குறை நீங்கும்.

ஒரு செய்முறையை மாற்றிப் பார்ப்போம்

அமெரிக்கக் கப் கணக்கில் அமைந்த எளிய வெண்ணெய் கேக் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒன்றரைக் கப் மைதா, ஒரு கப் சர்க்கரை, அரைக் கப் வெண்ணெய், இரண்டு பெரிய முட்டை, அரைக் கப் பால், ஒன்றரைத் தேக்கரண்டி பேக்கிங் பவுடர், கால் தேக்கரண்டி உப்பு. எடைக்கு மாற்றினால் அது இவ்வாறு அமையும்:

- மைதா: 180 கிராம்
- சர்க்கரை: 200 கிராம்
- வெண்ணெய்: 113 கிராம்
- ஓடு நீக்கிய முட்டை: 100 கிராம்
- பால்: 122 கிராம்
- பேக்கிங் பவுடர்: ஒன்றரைத் தேக்கரண்டி
- உப்பு: கால் தேக்கரண்டி

இதே செய்முறையில் கப்பை மாவுக்குள் அமுக்கி அள்ளியிருந்தால் மைதா 225 கிராம் ஆகியிருக்கும். 45 கிராம் கூடுதல். அதாவது நான்கில் ஒரு பங்கு அதிகம். பாலும் முட்டையும் வெண்ணெயும் அப்படியே இருக்க, மாவு மட்டும் இவ்வளவு கூடினால் கேக் வறண்டு கனப்பதில் வியப்பில்லை.

எடைக்கு மாற்றியதன் மற்றொரு பயன், அளவைப் பெருக்கும்போது தெரியும். ஒன்றரை மடங்கு கேக் வேண்டுமென்றால் ஒவ்வோர் எண்ணையும் 1.5ஆல் பெருக்கினால் போதும்: மைதா 270, சர்க்கரை 300, வெண்ணெய் 170, முட்டை 150, பால் 183 கிராம். கப் கணக்கிலோ இரண்டேகால் கப், முக்கால் கப் என்று பின்னங்களோடு போராட வேண்டியிருக்கும்.

பேக்கரிகளின் கணக்கு

ரொட்டி செய்யும் தொழிலில் எடைக் கணக்கு இன்னும் ஒரு படி மேலே சென்று, விழுக்காட்டுக் கணக்காக நிற்கிறது. மாவின் எடையை 100 என்று கொண்டு, மற்றப் பொருள்களை அதன் விழுக்காடாகக் கூறுவது பேக்கர்களின் வழக்கம். 500 கிராம் மாவுக்கு 325 கிராம் தண்ணீர் என்றால் தண்ணீர் 65 விழுக்காடு. 10 கிராம் உப்பு 2 விழுக்காடு. 5 கிராம் உடனடி ஈஸ்ட் 1 விழுக்காடு. மாவு 2 கிலோவானாலும் 20 கிலோவானாலும் விகிதம் மாறாது.

இந்தக் கணக்கு வீட்டில் செய்வோருக்கும் உதவும். இரண்டு செய்முறைகளில் எது மென்மையாக வரும், எது இனிப்பு மிகுந்தது என்பதைச் செய்து பார்க்காமலே இதன்மூலம் ஓரளவு ஊகிக்கலாம். மேலே கண்ட கேக்கில் மாவு 100 என்றால் சர்க்கரை 111, வெண்ணெய் 63, முட்டை 56, பால் 68. இப்படி எழுதி வைத்தால் அடுத்த முறை சர்க்கரையைக் குறைக்கும்போது எவ்வளவு குறைத்தோம் என்பது துல்லியமாகத் தெரியும்.

எடைக் கருவியைக் கையாளும் முறை

ஒரு கிராம் நுணுக்கமும் 5 கிலோ வரை தாங்கும் திறனும் கொண்ட டிஜிட்டல் கருவி வீட்டுக்குப் போதும். அதைப் பயன்படுத்தும்போது கவனிக்க வேண்டியவை:

- சமமான, உறுதியான மேடையில் வைக்க வேண்டும். துணி விரித்த மேசை எடையைப் பிசகச் செய்யும்.
- மின்விசிறிக் காற்று படாத இடம் தேவை. சிறு எடைகளை அளக்கும்போது காற்றின் அழுத்தமே எண்ணை மாற்றிவிடும்.
- பாத்திரத்தை வைத்து எண்ணைப் பூஜ்யமாக்கியபின் மாவைச் சேர்க்கலாம். மீண்டும் பூஜ்யமாக்கி அதே பாத்திரத்தில் சர்க்கரையைச் சேர்க்கலாம். கழுவ வேண்டிய பாத்திரங்களும் குறையும்.
- சில கருவிகளில் கிராமுடன் மில்லி என்ற தெரிவும் இருக்கும். அது பெரும்பாலும் தண்ணீரை அடிப்படையாகக் கொண்டது. தேனுக்கும் எண்ணெய்க்கும் அதை நம்பலாகாது. கிராமிலேயே அளக்க வேண்டும்.
- எண்கள் தடுமாறினால் முதலில் மின்கலத்தை மாற்றிப் பார்க்க வேண்டும்.

கருவி சரியாக இயங்குகிறதா என்பதை நாணயங்களைக் கொண்டு சோதிக்கலாம். பத்து ரூபாய் நாணயம் ஒன்றின் எடை சுமார் 7.7 கிராம். பத்து நாணயங்களை ஒன்றாக வைத்தால் கருவி ஏறத்தாழ 77 கிராம் காட்ட வேண்டும். பல கிராம்கள் வேறுபட்டால் அந்தக் கருவியை நம்ப இயலாது.

வீட்டிலிருந்து விற்பனை செய்வோர் கவனத்துக்கு

இந்தியாவில் கேக் அரைக் கிலோ, ஒரு கிலோ என்று எடைக் கணக்கில் விற்கப்படுகிறது. வீட்டில் கேக் செய்து விற்போருக்கு எடைக் கணக்கு தொழிலின் அடித்தளமாகும். இந்த மாதம் வாங்கிய கேக்கின் சுவையையே அடுத்த மாதமும் வாடிக்கையாளர் எதிர்பார்க்கிறார். மாவு ஒவ்வொரு முறையும் 20, 30 கிராம் மாறினால் அந்த எதிர்பார்ப்பை நிறைவேற்ற இயலாது.

விலை நிர்ணயத்திலும் இதே நிலைதான். மூலப்பொருள்களைக் கிலோ விலையில் வாங்கிவிட்டு, கப் கணக்கில் செலவிட்டால் ஒரு கேக்கின் அடக்கச் செலவைச் சரியாக அறிய முடியாது. கிராமில் எழுதினால், பொட்டலத்தின் விலையைக் கொண்டு ஒவ்வொரு பொருளின் செலவையும் நேரடியாகக் கணக்கிடலாம்.

கலவையின் எடையே கேக்கின் எடையன்று என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். ஓவனில் ஈரம் ஆவியாகி எடை குறையும். ஓவனில் வைக்கும் முன்பும், வெந்து ஆறிய பின்பும் எடைபோட்டு, எவ்வளவு குறைந்தது என்பதைக் குறித்து வைத்தால், வாக்களித்த எடைக்கு எவ்வளவு கலவை வேண்டும் என்பது தெளிவாகும்.

இன்னொன்று, செய்முறைக்கு அளக்கும் கருவியும் விற்பனைக்கு எடைபோடும் கருவியும் சட்டத்தின் பார்வையில் ஒன்றல்ல. 2009ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டத்தின்படி, வணிகத்தில் பயன்படும் எடைக் கருவிகள் அரசு அலுவலரால் சரிபார்க்கப்பட்டு முத்திரையிடப்பட்டிருக்க வேண்டும். சமையலறைக்கென வாங்கிய, முத்திரையில்லாத கருவியால் எடைபோட்டு விற்பதைத் தவிர்க்க வேண்டும்.

எடைக் கணக்கு தீர்க்காதவை

எடைக்கு மாறினால் எல்லாச் சிக்கல்களும் தீர்ந்துவிடும் என்று கருத வேண்டாம். அமெரிக்க மாவும் இந்திய மைதாவும் புரத அளவிலும் அரைப்பிலும் வேறுபடக்கூடும் என்பதால், ஒரே எடை மாவு ஒரே அளவு தண்ணீரை உறிஞ்சும் என்று சொல்ல முடியாது. மழைக்காலத்தில் திறந்து வைத்த மாவு காற்றின் ஈரத்தை ஈர்த்துக்கொள்ளும். எனவே ரொட்டி மாவு பிசையும்போது தண்ணீரில் ஒரு சிறு பகுதியை நிறுத்தி வைத்து, மாவின் பதம் பார்த்துச் சேர்ப்பது நல்லது. ஓவனின் வெப்பமும் தட்டின் அளவும் தனியே கவனிக்க வேண்டியவை.

ஆனால் எடை உறுதியாக இருக்கும்போது ஒரு பெரும் நன்மை உண்டு. கேக் சரியாக வராவிட்டால் காரணத்தைத் தேட முடியும். அளவு ஐயத்துக்கு இடமின்றி இருப்பதால் ஓவனையோ மாவையோ ஒவ்வொன்றாகச் சோதிக்கலாம். கப் கணக்கில் அளவே ஒவ்வொரு முறையும் மாறுவதால், தவறு எங்கே என்பது கடைசி வரை தெரிவதில்லை.

சுருக்கமாக

முதலில் செய்முறை எந்த நாட்டுக் கப்பைக் குறிக்கிறது என்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு பொருளுக்கும் உரிய எடையைத் தனித்தனியே எழுத வேண்டும். மைதாவுக்கு, வேறு குறிப்பு இல்லாவிட்டால், கப்புக்கு 120 கிராம் என்று கொள்ளலாம். முட்டையை ஓடு நீக்கி 50 கிராம் வீதம் கணக்கிட வேண்டும். சோடா, பேக்கிங் பவுடர், உப்பு போன்ற சிறு அளவுகளைத் தலைதட்டிய கரண்டியிலேயே விட்டுவிடலாம்.

மாற்றிய எண்களைக் கொண்டு ஒருமுறை கேக் செய்து பார்த்து, வறண்டிருந்தால் மைதாவில் 10 கிராம் குறைத்து, தளர்ந்திருந்தால் 10 கிராம் கூட்டி, இறுதி எண்ணைச் செய்முறையின் ஓரத்தில் எழுதி வைத்துக்கொள்ளலாம். அடுத்த முறை அதே கேக்கை வீட்டில் வேறு யார் செய்தாலும், கைவாகு என்ற ஐயத்துக்கு இடமின்றி அதே அளவு கலவையில் சேரும்.